தூக்கத்தில் கழன்ற தோள்

ஜனவரி 8

பிசியோதெரபி மேடம் இந்த நோட்டைக் கொடுத்து, "மாஸ்டர், வலி, தூக்கம், கையை வச்சு என்ன செஞ்சீங்க, எல்லாத்தையும் எழுதிட்டு வாங்க. ரெண்டாவது ஆபரேஷன் முடிஞ்சு நல்லாகிற வரைக்கும்" என்றார். பத்தாம் வகுப்பில் தமிழில் எண்பத்திரண்டு வாங்கியவன் நான். எழுதுவதற்கென்ன.

பெயர் செண்பகராஜ், வயது முப்பத்தெட்டு. கோவில்பட்டி பேருந்து நிலையத்துக்கு எதிரே கோயில்பிள்ளை அண்ணாச்சி கடையில் பதினாறு வருடமாகப் பரோட்டா மாஸ்டர். மாவைத் தட்டி ஓரத்தைப் பிடித்துத் தலைக்கு மேலே ஒரு சுழற்றுச் சுழற்றி மேடையில் அறைந்தால், விரிந்த மாவுக்குப் பின்னால் இருக்கும் காலண்டரில் தேதி படிக்கலாம். பெருமைக்குச் சொல்லவில்லை. பெருமைக்குத்தான் சொல்கிறேன், அதிலென்ன.

வலது தோள் கழன்று கழன்று விழுகிறது. முதல் தடவை மைதா மூட்டை இறக்கும்போது. அப்புறம் ஏழு தடவை. போன செப்டம்பரில் சின்னத் துளை போட்டு, உள்ளே கிழிந்திருந்ததைத் தைத்தார்கள். அதுவும் நிற்கவில்லை. அடுத்த மாதமே திரும்பக் கழன்றது. தூக்கத்தில். அதற்கப்புறம் நான்கு தடவை. இப்போதெல்லாம் நானே சுவரில் சாய்ந்து, மூச்சைப் பிடித்து, உள்ளே தள்ளிவிடுவேன். சப்ளையர்கள் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்ப்பார்கள்.

இன்று திருநெல்வேலியில், அதைத் தைத்த அருள்ஜோதி டாக்டர் என்னைப் படுக்க வைத்து, கையைப் பக்கவாட்டில் தூக்கி, முழங்கையை மடக்கி, மெல்லப் பின்னால் சாய்த்தார். வீசுவதற்கு முன் கை எப்படி நிற்குமோ அதே நிலை.

"பயமா இருக்கா?"

"வலிக்குதான்னு கேளுங்க டாக்டர். பயமெல்லாம் நமக்குக் கிடையாது."

"இந்தச் சோதனையில வலியைக் கேக்க மாட்டோம், மாஸ்டர். தோள் கழலப்போகுதுன்னு உங்க உடம்புக்கே தெரியும். அதனால பயத்தைத்தான் கேப்போம்."

இல்லை என்றேன். எழுந்தபோது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. அந்த அறையில் மின்விசிறி சரியாக ஓடவில்லை.

ஜனவரி 9

வலி இல்லை. தூக்கம் உண்டு. "என்ன எழுதுதீங்க, கதையா?" என்று கேட்டுவிட்டு முத்துக்கனி வேலைக்குப் போனாள். என் மனைவி கடலைமிட்டாய்க் கம்பெனியில் பாக்கெட் போடுகிறாள். கேட்ட கேள்விக்குப் பதில் வாங்கிக்கொள்ளாமலே போகிறவள்.

ஜனவரி 18

ஸ்கேன் பார்த்தாயிற்று. குழியின் முன்விளிம்பு தேய்ந்துபோயிருக்கிறதாம். "ஓரம் உடைஞ்ச தட்டுல எலுமிச்சம்பழத்தை வச்சா உருண்டு விழத்தானே செய்யும்? இனிமே தையல் தாங்காது. விளிம்பையே கட்டணும்" என்றார் டாக்டர். தோளுக்கு முன்னால் காக்கை மூக்கு மாதிரி ஓர் எலும்பு உண்டாம். அதைத் தசையோடு வெட்டி எடுத்து, தேய்ந்த இடத்தில் வைத்து, இரண்டு ஸ்குரு முடுக்குவார்களாம். என் எலும்பை வைத்தே என் தோளுக்கு அணை. கேட்கவே கெத்தாக இருந்தது. ஜனவரி 27 என்று தேதியும் கொடுத்தார்.

அதோடு எழுந்து வந்திருக்க வேண்டும். அவர் பேனாவை மூடப் போனவர் கேட்டார்: "ஆமா, முதல் ஆபரேஷனுக்கப்புறம் எப்படிக் கழன்டுச்சுன்னு நீங்க சொல்லவே இல்லையே?"

"தூக்கத்துல டாக்டர்."

"தூக்கத்துலயா? கையை பெல்ட்ல கட்டியிருந்தப்பவா?"

"ஆமா."

அவர் பேனாவை மூடவில்லை. முத்துக்கனி பக்கம் திரும்பினார். "ராத்திரியில இவருக்குக் கை கால் வெட்டி இழுக்குமா? நாக்கைக் கடிச்சிருக்காரா? காலையில எந்திரிச்சா ஒண்ணும் ஞாபகம் இல்லன்னு சொல்வாரா?"

"இல்ல டாக்டர்" என்றாள். சொல்லிவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தாள். அதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

கட்டிய தோள் தூக்கத்தில் தானாகக் கழன்றால் முதலில் வலிப்பைச் சந்தேகப்பட வேண்டுமாம். வலிப்பு இருந்து, அது தெரியாமல் ஸ்குரு போட்டால், அடுத்த வலிப்பில் ஸ்குருவோடு பிடுங்கிக்கொண்டு வருமாம். மூளை டாக்டரைப் பார்த்துவிட்டு வரச் சொன்னார். தேதியை அடித்துவிட்டார்.

ஜனவரி 19

வலிப்பாம். எனக்கா?

ஜனவரி 23

இந்த ஊரில் காற்றுக்கூட என்னைப் பற்றித்தான் பேசுகிறது போல. அண்ணாச்சி கூப்பிட்டுவிட்டார். கல்லாவுக்குப் பின்னால் உட்காரவைத்து, கோலி சோடா உடைத்துக் கொடுத்து, குரலைத் தாழ்த்திப் பேசினார். என்றைக்கும் தாழாத குரல்.

"ஏலே செண்பகம், சீக்குன்னா மறைக்கப்படாதுல. எங்க சித்தப்பாவுக்கும் இருந்துச்சு. நீ அடுப்புப் பக்கம் வரவேண்டாம். கை சரியாயிட்டாலும் வேண்டாம். கல்லுல முகம் பட விழுந்துட்டன்னா நான் முத்துக்கனிக்கு என்ன பதில் சொல்லுவேன்? மேசை பார்த்துக்கோ, பில் போடு. கல்லுக்குத் தங்கமாரியையே நிரந்தரமா வச்சுக்கிடுதேன்."

தங்கமாரி நான் வராத நாளுக்கு வந்து நிற்கிறவன். அவன் பரோட்டாவைப் பற்றி இந்த நோட்டில் எழுதி நோட்டைக் கெடுக்க வேண்டாம்.

கிளம்பும்போது அண்ணாச்சி என் இடுப்பில் ஒரு சாவிக்கொத்தைச் செருகிவிட்டார். இரும்பு கையில் இருந்தால் வலிப்பு அடங்குமாம். பழைய குடோன் சாவிகள், ஏழெட்டு இருக்கும். ரோட்டைக் கடந்து வீடு வரும்வரை சலங்கை கட்டிய மாடு மாதிரி சத்தம் கேட்டுக்கொண்டே வந்தது.

முத்துக்கனி சாவியைப் பார்த்தாள். வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போனாள். சிரித்தாளா அழுதாளா என்று நான் போய்ப் பார்க்கவில்லை.

ஜனவரி 27

ஆபரேஷன் நடந்திருக்க வேண்டிய நாள். அதற்குப் பதிலாகத் தலை முழுக்கப் பசையைத் தடவி வயர் ஒட்டிப் படுக்க வைத்தார்கள். மூளை டாக்டர் காகிதத்தைப் பார்த்து, "இதுல ஒண்ணும் தெரியல. ஆனா ஒரு தடவை எடுத்ததை வச்சு இல்லன்னும் சொல்ல முடியாது. இன்னொண்ணு எடுப்போம். மூணு மாசம் மாத்திரையும் போட்டுப் பார்ப்போம்" என்றார்.

இல்லாத நோய்க்கு மாத்திரை. அதற்குள் தோளில் மிச்சமிருக்கிற விளிம்பும் போய்விடும். கல்லும் தங்கமாரிக்குப் போய்விடும்.

மாத்திரையை வாங்கவில்லை.

ஜனவரி 30

இதை எழுதாமல் இருக்க எவ்வளவோ பார்த்தேன்.

அருள்ஜோதி டாக்டர் அறையில் உட்கார்ந்திருந்தோம். மூன்று மாதம் தள்ளிப்போடலாம் என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தார். முத்துக்கனி பையிலிருந்து போனை எடுத்து, எதையோ தேடி, மேசை மேல் வைத்தாள். திரையில் நான். தலைக்கு மேலே மாவு விரிந்து நிற்கிறது. எனக்குப் பின்னால் தூணில் ஓர் ஆணி. ஆணியில் நீலக் கலர் கைப் பெல்ட், ஆஸ்பத்திரியில் கொடுத்தது, தொங்கிக்கொண்டிருக்கிறது.

"நீங்க சொல்லுதீங்களா, நான் சொல்லட்டுமா?" என்றாள். கோபமே இல்லாத குரல். அதுதான் தாங்கவில்லை.

சொன்னேன். முதல் ஆபரேஷன் முடிந்து முப்பத்தைந்தாவது நாள். பெல்ட்டோடு சும்மா கடைக்குப் போயிருந்தேன். சென்னையிலிருந்து சாப்பாட்டுக் கடைகளைப் படம் பிடித்துப் போடுகிற ஒருவர் வந்திருந்தார். தங்கமாரி வீசுவதைப் பார்த்துவிட்டு, "இவ்வளவுதானா? இதுக்கா இவ்வளவு தூரம் வந்தோம்?" என்றார். அண்ணாச்சி என் முகத்தைப் பார்த்து, "வேண்டாம்ல" என்றார். நான் பெல்ட்டை அவிழ்த்து ஆணியில் மாட்டினேன். முதல் வீச்சு பிரமாதம். இரண்டாவது அதைவிடப் பிரமாதம். மூன்றாவதில் தோளுக்குள் ஒரு நூல் அறுந்தது. கை கழுவுகிற சாக்கில் குடோனுக்குள் போய் நானே தள்ளிவிட்டேன், அண்ணாச்சிக்குக்கூடத் தெரியாது. கேமராவை இரண்டாவதோடு நிறுத்திவிட்டார் அந்த ஆள். கழன்றது படத்தில் இல்லை. அந்தத் தைரியத்தில்தான் தூக்கத்தில் என்றேன். வேறென்ன சொல்ல. ஒரு வீச்சுக்காக டாக்டர் தைத்ததைப் பிய்த்துக்கொண்டேன் என்றா?

டாக்டர் வீடியோவை இரண்டு தடவை பார்த்தார். "நல்லா வீசுறீங்க" என்றார். அப்புறம் நாற்காலியில் சாய்ந்து சிரிக்க ஆரம்பித்தார். "தையல் தானா விட்டுச்சோன்னு நான் மூணு மாசமா மண்டையை உடைச்சுக்கிட்டிருக்கேன்யா. நீங்கதானா அது!" சிரிப்பை நிறுத்திவிட்டு, "இந்தத் தடவை இப்படிச் செஞ்சா வைக்கிறதுக்கு இன்னொரு காக்கை மூக்கு உங்ககிட்ட இல்ல, மாஸ்டர். தெரியுதுல்ல?" என்றார்.

தெரியும் என்றேன். புதுத் தேதி பிப்ரவரி 13.

திரும்பி வரும் பேருந்தில் முத்துக்கனியிடம் கேட்டேன், எப்போதிருந்து தெரியும் என்று.

"வீடியோ வந்த அன்னைக்கே. கம்பெனியில எல்லாரும் பார்த்தாங்க. உன் வீட்டுக்காரரு, உன் வீட்டுக்காரருன்னு."

"அப்புறம் ஏன் கேக்கல?"

"நீங்களா சொல்லுவீங்கன்னு இருந்தேன்." ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கயத்தாறு தாண்டிய பிறகு சொன்னாள்: "அதுல எவ்வளவு அழகா இருந்தீங்க தெரியுமா. அதான் ரொம்பக் கோவம் வந்துச்சு."

ஜனவரி 31

சாவிக்கொத்தை அண்ணாச்சியிடம் திருப்பிக் கொடுத்தேன். விஷயத்தைச் சொன்னதும், "அடப் பாவி, சித்தப்பா நினைப்பு வந்து நாலு நாள் நான் தூங்கலையேல" என்று முதுகில் ஓங்கி ஓர் அடி. இடது பக்கம் பார்த்துத்தான் அடித்தார்.

பிப்ரவரி 15

இடது கையால் எழுதுகிறேன். நண்டு ஊர்ந்தது போல் இருக்கிறது. ஆபரேஷன் முடிந்தது. ஸ்குரு இரண்டு.

பிப்ரவரி 27

தையல் பிரித்தார்கள். பெல்ட்டுக்குள் கையை வைத்தபடியே மடியில் நோட்டை வைத்து வலது கையால் எழுத முடிகிறது. விரலை மடக்கி விரிக்க, மணிக்கட்டைச் சுற்ற, முழங்கையை நீட்ட அனுமதி. தோளுக்கு அனுமதி இல்லை. முத்துக்கனி குளிப்பாட்டி, தலை துவட்டி, சட்டைக்கு பட்டன் போட்டு அனுப்புகிறாள். "பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பியாச்சா?" என்று தினமும் ஒரு கிண்டல்.

தங்கமாரி பரோட்டா பார்சல் கொடுத்துவிட்டிருந்தான். அடுக்கு குறைவு. எண்ணெய் கூட. நான்கு சாப்பிட்டேன்.

மார்ச் 20

முப்பத்தைந்தாவது நாள். காலையில் எழுந்ததும் நானே எண்ணிப் பார்த்தேன். முத்துக்கனியும் எண்ணியிருக்க வேண்டும். வேலைக்கு லீவு சொல்லிவிட்டு வீட்டில் இருந்தாள். காரணம் கேட்டதற்கு, "தலைவலி" என்றாள். நான்கு பேர் செய்கிற வேலையைச் செய்துகொண்டிருந்தாள்.

சாயங்காலம் ஐந்து மணிக்கு அண்ணாச்சி போன். பக்கத்து ஊரில் கோயில் கொடைத் திருவிழா. பேருந்து பேருந்தாக ஜனம் இறங்குகிறது. நேரம் பார்த்துத் தங்கமாரி பொண்டாட்டிக்குப் பிரசவ வலி எடுத்து அவன் ஓடிவிட்டான். முந்நூறு உருண்டை போட்டு எண்ணெயில் ஊறிக்கொண்டிருக்கிறது. வீச ஆளில்லை.

"உன்னை வீசச் சொல்லலல" என்றார் அண்ணாச்சி. "சும்மா வந்து நில்லு. எனக்குக் கை கால் ஓடல."

போனேன். முத்துக்கனியும் செருப்பை மாட்டிக்கொண்டு கூடவே வந்தாள். "தலைவலி?" என்றேன். "அது போயிட்டு" என்றாள்.

கடை வாசலில் ஐம்பது அறுபது பேர். என்னைப் பார்த்ததும், "மாஸ்டர் வந்தாச்சு!" என்று ஒரு சத்தம். பதினாறு வருட உழைப்புக்கு அந்தச் சத்தம் ஒன்று போதும் எனக்கு. கல் காய்ந்து புகைந்துகொண்டிருந்தது. உருண்டைகள் ஈரத்துணிக்குள் பளபளவென்று இருந்தன. தொட்டுப் பார்த்தேன், இடது கையால். நல்ல பதம். வலது கை பெல்ட்டுக்குள் தானாக மடங்கி விரிந்தது. முன்வரிசையில் ஒருவர் போனைத் தூக்கிப் பிடித்து, "மாஸ்டர், ஒண்ணே ஒண்ணு!" என்றார்.

தூணில் ஆணி அப்படியே இருந்தது.

திரும்பிப் பார்த்தேன். முத்துக்கனி தண்ணீர் டிரம் பக்கத்தில் நின்றாள். வேண்டாம் என்று தலையைக்கூட ஆட்டவில்லை.

மேடையின் முன்னால் வந்து நின்று, கடைசி ஆள் வரை கேட்கிற மாதிரி சொன்னேன்: "பரோட்டா இல்ல!"

பதினாறு வருடத்தில் என் வாயால் சொல்லாத வார்த்தை. கூட்டம் நம்பவில்லை. "மாவு இருக்கே மாஸ்டர்?" என்றார் ஒருவர்.

"மாவு இருக்கு, கை இல்ல. போன தடவை இதே மாதிரி ஆசைப்பட்டு வீசித்தான் ஆபரேஷனைக் கெடுத்துக்கிட்டேன். இப்ப உள்ள ரெண்டு ஸ்குரு இருக்கு. அஞ்சு மாசம் கழிச்சு வாங்க. காலண்டர்ல தேதி படிக்கிற மாதிரி வீசுதேன். இன்னைக்குத் தோசைதான். சால்னா நம்ம சால்னா. உக்காருங்க."

சிலர் போய்விட்டார்கள். நிறையப் பேர் உட்கார்ந்தார்கள். இடது கையால் நூற்றுக்கும் மேல் தோசை ஊற்றியிருப்பேன். முதல் பத்து இலங்கை வரைபடம் மாதிரி வந்தது. அப்புறம் வட்டமாகிவிட்டது. இடது கையும் என் கைதானே.

வீடு திரும்பும்போது முத்துக்கனி போனில் எதையோ திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டு வந்தாள். எட்டிப் பார்த்தேன். பெல்ட் கட்டிய ஓர் ஆள் கழுத்து நரம்பு புடைக்க "பரோட்டா இல்ல" என்று கத்துகிறான். அவளே எடுத்திருக்கிறாள்.

"இதுல என்ன அழகு?" என்றேன்.

"உங்களுக்குத் தெரியாது" என்றாள்.

ஏப்ரல் 3

பெல்ட் கழற்றியாயிற்று. கை இளைத்து முருங்கைக்காய் மாதிரி இருக்கிறது. சுவரில் விரலால் நடக்க வேண்டும். இன்று இடுப்பு உயரம்.

தங்கமாரிக்குப் பெண் குழந்தை.

மே 11

வீட்டுச் சுவரில் விரலால் நடந்து நேற்று காலண்டர் ஆணியைத் தொட்டேன். இன்று அதற்கு மேலே உள்ள பல்லியை விரட்டினேன். பிசியோ மேடத்திடம் சொன்னதற்கு, "பல்லியும் எழுதுங்க" என்றார்.

ஜூலை 6

வலது கையால் ஈரத்துண்டு வீச அனுமதி. கற்றுக்கொள்ள வருகிறவன் முதல் மாதம் செய்கிற வேலை. மாவு வீணாகக் கூடாது என்று ஈரத்துண்டை விரித்து அறையப் பழக்குவார்கள். பதினாறு வருட மாஸ்டர் மொட்டைமாடியில் துண்டு வீசுகிறேன். எதிர்வீட்டு அம்மா, "துணி காயப் போடவா இவ்வளவு சத்தம்?" என்றார். "தொழில்க்கா, தொழில்" என்றேன். முதலில் வெட்கமாகத்தான் இருந்தது. நாற்பதாவது வீச்சில் துண்டு சத்தமாக விரிந்தபோது, வெட்கமாவது ஒன்றாவது.

ஆகஸ்ட் 21

ஸ்கேனில் எலும்பு ஒட்டியிருக்கிறது. "ஆபரேஷன் செஞ்ச எனக்கே சந்தோஷமா இருக்கு" என்றார் டாக்டர். ஒட்டவைத்தவர் அவர், ஒட்டவிட்டவன் நான். பாதிப் பாதி.

படுக்கவைத்துக் கையைத் தூக்கி, மடக்கி, பின்னால் சாய்த்தார். இன்று அந்த மின்விசிறி நன்றாகவே ஓடியது.

"பயமா இருக்கா?"

முத்துக்கனி அறையில்தான் இருந்தாள். இல்லை என்று வாய்வரை வந்துவிட்டது.

"கொஞ்சம் இருக்கு டாக்டர்."

"இன்னும் சாய்க்கிறேன். இப்ப?"

தோள் நின்றது. எங்கும் போகவில்லை. குழிக்குள் கனமாக உட்கார்ந்திருந்தது.

"அதே கொஞ்சந்தான். கூடல."

"தோள் நல்லா நிக்குது. அந்தக் கொஞ்சமும் போகப் போகச் சரியாயிரும்" என்றார். கை முன்போல் முழுசாகப் பின்னால் போகாது, தலைக்கு மேலே சுழற்ற வேண்டாம், நெஞ்சு உயரத்தில் வீசச் சொன்னார். முதல் வாரம் ஒரு நாளைக்கு ஐம்பதுக்கு மேல் கூடாது.

நெஞ்சு உயரத்தில் காலண்டர் தெரியாது. காலண்டரை இறக்கி மாட்டச் சொல்லி அண்ணாச்சிக்குப் போன் போட்டேன்.

ஆகஸ்ட் 27

ஐம்பதைத் தாண்டவில்லை. வலி பத்துக்கு இரண்டு. கழலவில்லை.

தங்கமாரி பக்கத்துக் கல்லில் நின்றான். அண்ணாச்சி இன்னொரு கல் போட்டுவிட்டார். அவன் பரோட்டா தேறியிருக்கிறது. இதற்கு மேல் எழுதமாட்டேன்.

மத்தியானம் கூட்டம் குறைந்திருந்த நேரம். முத்துக்கனி வந்தாள். பதினாறு வருடத்தில் அவள் இந்தக் கடையில் உட்கார்ந்து சாப்பிட்டதில்லை. எப்போதும் நான் கொண்டுபோகிற ஆறிய பார்சல்தான். கல்லுக்கு நேர் எதிர் மேசையில் உட்கார்ந்து, வாடிக்கையாளர் மாதிரி கையைத் தூக்கினாள்.

"மாஸ்டர், ரெண்டு பரோட்டா."

கடையில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அண்ணாச்சி கல்லாவிலிருந்து எழுந்து நின்றுவிட்டார். உருண்டையை எடுத்துத் தட்டி, ஓரத்தைப் பிடித்தேன். டாக்டரிடம் சொன்ன அந்தக் கொஞ்சம் வந்து நின்றது. அதோடேயே வீசினேன். விரிந்தது. நெஞ்சு உயரத்தில், மாவுக்குப் பின்னால், இருபத்தேழு என்று தெரிந்தது.

சுட்டு, அடித்துப் பிரித்து, நானே கொண்டுபோய் வைத்தேன். சூடு பொறுக்காமல் விரலை ஊதிக்கொண்டே பிய்த்தாள்.

"எப்படி?" என்றேன்.

"நல்லாயிருக்கு. வீசும்போது பயமா இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"எனக்கும். கண்ணை மூடிக்கிட்டேன்."

"அப்போ பாக்கவே இல்லையா?"

"இல்ல" என்றாள். வாய் நிறையப் பரோட்டா, கண் நிறையத் தண்ணீர். "இன்னொண்ணு வீசுங்க."

இன்றைக்கு நாற்பத்தொன்பதாவது வீச்சு. கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு பார்த்தாள்.